தலைமாட்டில் சாமி, கையில் மாத்திரை அட்டை... குழந்தையின் புற்றுநோய் சிகிச்சையில் வேண்டுதலும் நன்றியும்!

குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டுக்குள் போனால், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் யாராவது ஒரு சாமி இருப்பார். தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம், டிரிப்ஸ் ஸ்டாண்டில் தொங்கும் ஜெபமாலை, நாகூரில் ஓதிக் கட்டிய கயிறு, செல்போன் முகப்பில் சமயபுரத்தாள். எந்தக் கட்டிலில் எந்த மதம் என்கிற பேச்சே அங்கே கிடையாது. வேளாங்கண்ணிக்குப் போய்வரும் பக்கத்துக் கட்டில் அம்மா, உங்கள் பிள்ளை பேருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வருவார்.

வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகக்கூட இருக்கலாம். ஆனால், ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து பெற்றவர்களின் கையில் மிச்சமிருக்கும் வேலை ரொம்பக் குறைவு. ஊசி போடுவது நர்ஸ், மருந்தைத் தீர்மானிப்பது டாக்டர், வலியைத் தாங்குவது பிள்ளை. அம்மாவும் அப்பாவும் என்னதான் செய்வார்கள்? கை கூப்புகிறார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நம்பிக்கை கடைசி மாத்திரை வரைக்கும் பிள்ளையோடு கூடவே வருகிறதா, இல்லை, பாதி வழியில் சிகிச்சையிலிருந்து பிள்ளையை இறக்கிவிடுகிறதா? உங்கள் வீட்டிலோ, உறவிலோ, தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், இதை நிதானமாகப் படியுங்கள்.

'என்ன பாவம் செஞ்சோமோ...'

நம் ஊரில் கடவுள் நம்பிக்கையோடு சேர்ந்தே வருவது குற்றவுணர்வு. 'குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காம விட்டுட்டோம்', 'மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனேன்', 'யாரு வயித்தெரிச்சலோ'... இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள்!

மருத்துவம் சொல்வது இதுதான். பெரியவர்களுக்குப் புகையிலை, மது என்று கைகாட்டக் காரணங்கள் உண்டு. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்தக் காரணமும் கண்டுபிடிக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு பின்னணியில் இருப்பது சுமார் 10 சதவிகிதக் குழந்தைகளுக்குத்தான். அதுவும் யாரும் செய்த தப்பு கிடையாது. நீங்கள் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, கும்பிட மறந்ததாலோ இது வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை.

இதை உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. நான்கிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள், தாங்கள் செய்த ஏதோ ஒரு சேட்டைக்குத்தான் இந்த ஊசியெல்லாம் என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். 'பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்' என்று விளையாட்டாகச் சொல்லி வளர்த்த வீடுகளில் இது இன்னும் அதிகம். 'நீ எதுவும் தப்பு பண்ணல. யாரும் உன்னைத் தண்டிக்கல. இது உடம்புல வந்த ஒரு நோய், அதைச் சரிபண்ணத்தான் இங்க வந்திருக்கோம்' என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லுங்கள். சாமியைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், துணைக்கு நிற்பவராகவே பேசுங்கள்.

முடி முளைத்த பிறகு வரும் ஆபத்து

குழந்தைகளுக்கு அதிகமாக வருவது, 'ஏ.எல்.எல்' என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் ஒருவகை ரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று வருடங்கள் நீளும். முதல் கட்டம் நான்கைந்து வாரங்கள். கடுமையான காலம் அது. ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பி, ராத்திரி 2 மணிக்கு எழுந்து 'சாம்பார் சாதம் வேணும்' என்று பிள்ளை அழுவதும், எதற்கெடுத்தாலும் கோபப்படுவதும் அப்போதுதான். அந்தக் கட்டத்தின் முடிவில் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றணு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்திருக்கும்.

'சாமி கண்ணைத் திறந்துடுச்சு' என்று வீடே அழும் நாள் அது. அழட்டும், நியாயமான அழுகைதான். ஆனால், 'கண்ணுக்குத் தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. ஒளிந்திருக்கும் அணுக்களை ஒழிக்கத்தான் அடுத்தடுத்த கட்டங்கள். கடைசியாக வருவது பராமரிப்புக் கட்டம். அதுதான் நீளமானது. தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் இன்னொரு மாத்திரை என்று வருடக்கணக்கில் வீட்டிலிருந்தே தொடரும்.

இங்கேதான் சறுக்கல். முடி திரும்ப முளைத்துவிட்டது, பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறான், ஸ்கூலுக்குப் போகிறான். ஒவ்வொரு செக்கப்புக்கும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகிறது. மாத்திரையைப் பார்த்தாலே பிள்ளை ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் சொல்வார்: 'அதான் அம்மன் காப்பாத்திட்டாளே, இன்னும் எதுக்கு இந்த விஷத்தைக் குடுக்கிற?'

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடுவதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது போன்ற காரணங்களோடு அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விடுவது. முழுக்க நிறுத்துவதுகூட வேண்டாம், அவ்வப்போது தவறவிட்டாலே போதும். அமெரிக்காவில் பராமரிப்புக் கட்டத்தில் இருந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நூறு வேளையில் ஐந்துக்கு மேல் மாத்திரையைத் தவறவிட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

அதனால் அந்தப் பெரியவருக்கு இப்படிப் பதில் சொல்லுங்கள்: 'காப்பாத்தினவ, இந்த மாத்திரையையும் சேர்த்துத்தான் குடுத்திருக்கா தாத்தா.' பக்தி உள்ளவரிடம் புள்ளிவிவரத்தைவிட இந்தப் பதில் நன்றாக வேலை செய்யும்.

மாத்திரைக்கு ஒரு எளிய வழி, தினமும் விளக்கேற்றும் நேரத்தோடு அதைச் சேர்த்துவிடுவது. எந்த வேளையில், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூஜையறைக் காலண்டரில் கொடுத்த நாளுக்கு ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். பொட்டு இல்லாத நாள் கண்ணை உறுத்தும். வாரம் ஒரு முறை மாத்திரைக்குக் கிழமையைப் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். அதைத் தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

யாராவது 'மருந்தை நிறுத்தினாத்தான் உங்க விசுவாசம் முழுசாகும்' என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதில் மரியாதைக்கு இடமே இல்லை.

வேண்டுதலை முடிந்து வையுங்கள்

நம் முன்னோர்களிடம் ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. உடனே நிறைவேற்ற முடியாத வேண்டுதலுக்கு, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தருகே வைத்துவிடுவார்கள். 'கடன் இருக்கு, மறக்கல. நேரம் வரும்போது செலுத்துறேன்' என்று அதற்கு அர்த்தம். புற்றுநோய் சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான வழிபாடு வேறில்லை.

ஏனென்றால், கீமோதெரபி காலத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அடிக்கடி குறையும். காது குத்து, அலகு, கத்தி வைத்து மழிக்கும் மொட்டை எதுவும் இந்த நேரத்தில் கூடாது. சின்னக் கீறல்கூடப் பெரிய தொற்றாக மாறலாம். திருவிழாக் கூட்டமும் அப்படித்தான். செப்டம்பர் 8 அன்று வேளாங்கண்ணி, ஆடி வெள்ளியில் அம்மன் கோயில் என்று வேண்டியிருந்தால் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போய் வரட்டும்.

பிரசாதம்? யார் மனதும் நோகாமல் ஒரு வழி இருக்கிறது. தீர்த்தம், பஞ்சாமிர்தம், பல கை பட்ட சுண்டல் ஆகியவற்றை அம்மாவும் அப்பாவும் சாப்பிடட்டும். பிள்ளைக்கு வேண்டாம். வைத்தீஸ்வரன்கோயிலில் கொடுக்கும் திருச்சாந்துருண்டையை மருந்தாகவே நினைப்பவர்கள் நிறைய பேர். வைத்தியநாதரே கொடுத்ததாக அதை மதித்து, படத்தருகே வையுங்கள். பிள்ளையின் வாயில் போடாதீர்கள். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி, ஏன், கடையில் விற்கும் சத்து மாத்திரைகூட டாக்டரைக் கேட்காமல் கூடாது. சில சத்து மாத்திரைகளில் இருக்கும் ஃபோலிக் ஆசிட், வாராந்தர மாத்திரையின் வேலையையே கெடுக்கக்கூடியது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

மந்திரித்த கயிறு ஈரத்தில் நனைந்து நனைந்து கிருமிக்கு வீடாகிவிடும். நரம்பு தேடி ஊசி போடும் இடத்துக்கும் இடைஞ்சல். கட்டில் கம்பியில் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். விபூதியை, மார்பிலோ கையிலோ மருந்துக் குழாய் பொருத்திய இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆக்சிஜன் இருக்கும் வார்டில் ஊதுவத்தி, சூடம், விளக்கு எதுவும் ஆகாது. எம்.ஆர்.ஐ எடுக்கும்போது தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். 'கழட்டினா ஏதாவது ஆயிடுமோ' என்று பதறும் அம்மாக்கள் உண்டு. அதுவரை அதை உங்கள் கையில் கட்டிக்கொள்ளுங்களேன்!

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் அமாவாசை, அஷ்டமி, பாதி பூஜை எதையும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அடக்கவும் வேண்டாம். வெள்ளை அணு குறைந்த குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பில் ஏற வேண்டும் என்பது மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு.

பட்டினி கிடக்கும் அம்மாக்களுக்கு...

செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று வரிசையாக விரதம் இருந்து, வார்டில் மயங்கி விழும் அம்மாக்கள் இருக்கிறார்கள். சமயபுரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? மாசியில் பூச்சொரிதல் தொடங்கி 28 நாள்கள், பக்தர்களின் நலனுக்காக அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். உங்கள் பங்குக்கும் சேர்த்து அவள் இருந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் ரெண்டு இட்லி சாப்பிடுங்கள். ராத்திரி முழுக்க வாந்தி எடுக்கும் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பு வேண்டும். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால், ஊரில் இருக்கும் அத்தையோ சித்தியோ இருக்கட்டும். 'ஏதாவது செய்யணுமே' என்று தவிக்கும் அவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

நன்றி யாருக்கெல்லாம்?

'உலகத்துல எத்தனை பேருக்கு இதைவிட மோசம், அதை நினைச்சு நன்றி சொல்லு' என்பது ஆறுதலே இல்லை. பெற்றவர்களின் வாயை அடைக்கும் வேலை. அழ வேண்டிய நாளில் அழுவதற்கு விடுங்கள். நன்றி தானாக ஊறும் நாள்கள் வரும். பிள்ளை பல நாள் கழித்து அரைத் தோசை கேட்டுச் சாப்பிட்ட நாள், எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று லேப் ரிப்போர்ட் சொன்ன நாள்... அந்த நாள்களைக் கவனித்து வைத்துக்கொண்டால் போதும். மருந்துக் குறிப்பு எழுதும் நோட்டிலேயே எதிர்ப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். கசந்த நாள்களில் பழைய பக்கங்களைப் புரட்டத் தோன்றும்.

சாமிக்கு நன்றி சொல்லும்போது சேர்த்துக்கொள்ளச் சில பெயர்கள் உண்டு. பலருக்கும் தெரியாத பெயர், எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சின்ன வயதில் ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து சந்நியாசியாகப் போக ஆசைப்பட்டவர். கதர் கட்டியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ் சான்றிதழோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா போன அவர் தலைமையிலான ஆய்வுக்கூடத்தில் உருவான அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான், பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் வெளியான அந்த அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியிருந்தது. அதுவரை அந்த நோய்க்குச் சாவைத் தவிர வேறு முடிவு இருந்ததில்லை. அதே வருடம் சுப்பாராவ் இறந்துபோனார். உங்கள் பிள்ளை வாரம் ஒரு முறை விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, அந்த அமினோப்டெரினின் நெருங்கிய சொந்தம்.

வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணிக்கும் ஒரு கும்பிடு போடலாம். வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து, 1960-களில் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். 'அப்போ இலையைக் கொதிக்கவெச்சுக் குடுக்கலாமா?' என்று கேட்டுவிடாதீர்கள். செடியில் நச்சும் உண்டு, அளவும் தெரியாது. பூவைப் பறித்துச் சாமிக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, முகம் தெரியாத ரத்தக் கொடையாளர்கள். தானமாகப் பெற்ற தட்டணுக்களை வழக்கமாக ஐந்து நாள்கள்தான் வைத்திருக்க முடியும். உங்கள் பிள்ளைக்கு ஏறும் அந்த மஞ்சள் பையை யாரோ ஒருவர் இந்த வாரத்தில்தான் கொடுத்திருக்கிறார். மொட்டை, பால்குடம் வரிசையில் ரத்த தானத்தையும் நேர்த்திக்கடனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 முதல் 65 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமானவர்களில் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். 'நாங்க என்ன செய்யணும்?' என்று கேட்கும் சித்தப்பா, மாமாக்களுக்குச் சொல்ல இது நல்ல பதில்.

வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் இருக்கிறது. பாட்டி வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளையோ, கடைக்குட்டியோ. தம்பிக்கு மட்டும் பொம்மை வருகிறது, அம்மா போனில்கூடத் தம்பியைப் பற்றித்தான் பேசுகிறாள். 'எனக்கும் காய்ச்சல் வந்தா அம்மா வருவாளா?' என்று அது யோசிக்க ஆரம்பித்திருக்கும். வாரம் ஒரு நாள் அந்தப் பிள்ளையிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அதன் கதையை மட்டும் கேளுங்கள். 'நீ சமத்தா இருந்ததாலதான் எங்களால தம்பியைப் பார்த்துக்க முடிஞ்சுது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சென்னையைச் சுற்றி இருப்பவர்கள் இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளலாம். தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாப்பிடியாக நின்று 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பின்னால் அதைத் தூக்கி நிறுத்திய டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதன் வளாகத்திலேயே வாழ்ந்தார்.

பணம்? கும்பிட்டுக்கொண்டே கடன் வாங்குவதற்கு முன், மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சிகிச்சைக்குப் போய்வர, ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. டாக்டரின் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கட்டில் காலியானால்...

நேற்று வரை பக்கத்தில் இருந்த குழந்தை இன்று இல்லை. அந்த அம்மாவும் உங்களைப் போலத்தான் கும்பிட்டாள், அதே விபூதியைத்தான் பூசினாள். உங்கள் பிள்ளைக்கு ரிப்போர்ட் நன்றாக வந்திருப்பதைச் சொல்லிச் சந்தோஷப்படவே கூச்சமாக இருக்கும். 'எங்க வேண்டுதல் பலிச்சுது' என்ற வார்த்தையை அந்த வார்டில், அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். அவள் வேண்டுதலில் என்ன குறை என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்தும் போன் செய்யுங்கள்.

சிலருக்கு இந்த இடத்தில் நம்பிக்கையே அறுந்துபோகும். விளக்கேற்றப் பிடிக்காது, சாமி படத்தைத் திருப்பி வைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்தாதவரை, சாமியோடு சண்டை போடுவது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். தூக்கம் போய், எதிலும் பிடிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் நீண்டால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருந்தால் அனுப்பி வைப்பார்.

எல்லா மருந்தும் ஓய்ந்துபோய், 'இனி வலி இல்லாமப் பார்த்துக்கலாம்' என்று டாக்டர் சொல்லும் வீடுகளும் உண்டு. அங்கே வேண்டுதலின் வார்த்தைகள் மாறிவிடும். 'காப்பாத்து' என்பது 'வலிக்காம பார்த்துக்கோ' என்றாகும். வலி நிவாரண சிகிச்சை என்பது கைவிடுவது அல்ல. மார்ஃபின் போன்ற மருந்துகளை டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் பிள்ளையின் வலி பெருமளவு அடங்கும். 'அது கடைசி மருந்து, வேண்டாம்' என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். பிள்ளைக்குப் பிடித்த பாட்டும், பிடித்த ஐஸ்கிரீமும், அம்மா மடியும் அப்போது பெரிய விஷயங்கள்.

கடைசி மாத்திரைக்குப் பிறகு

பராமரிப்புக் கட்டம் முடிந்து கடைசி மாத்திரையைக் கொடுக்கும் நாளில், சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கும். இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை விடுவது போல இருக்கும். எல்லாப் பெற்றோருக்கும் வருவதுதான். செக்கப் தேதிகள் தொடரும், அவற்றை விட்டுவிடாதீர்கள். விட்டுப்போன தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த கையோடு எல்லா ஊசியும் போட மாட்டார்கள், எதிர்ப்புச் சக்தி தேறச் சில மாதங்கள் ஆகும். சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைக்கு முப்பது வயதாகும்போதும் அந்தத் தாள் தேவைப்படும்.

மஞ்சள் துணியில் முடிந்த காசை இப்போது எடுக்கலாம். மொட்டைக்கு நாள் பார்க்கும் முன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூட்டமில்லாத கிழமையாகப் பாருங்கள், புது பிளேடு போடச் சொல்லுங்கள். 'திரும்பவும் மொட்டையா?' என்று பிள்ளை முரண்டு பிடித்தால் வற்புறுத்த வேண்டாம். அப்பா உட்கார்ந்துகொள்ளட்டும்.